தீப்பெட்டி ஊரில் ஆக்கி மட்டை!

கரிசல் காட்டில் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. அது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்து உண்டு, பாசி உண்டு, பருத்தி உண்டு. மழை ஏமாற்றினால் ஒன்றும் இல்லை. கோவில்பட்டி நகரத்துக்குக் குடிக்கிற தண்ணீரே தாமிரபரணி ஆற்றில் இருந்துதான் வருகிறது. சீவலப்பேரியில் எடுத்து, குழாய் வழியாகக் கொண்டு வருகிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு தரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்!

அந்தத் தரையில் பயிர் கிடையாது. பூச்செடி கிடையாது. ஆடு கூட மேய முடியாது. ஏனென்றால், அது பிளாஸ்டிக் புல்!

ஆம். அதுதான் கிருஷ்ணா நகரில் உள்ள ஆக்கி மைதானம்.

செயற்கைப் புல் காய்ந்து கிடந்தால், பந்து தட்டுத் தடுமாறிப் போகும். விழுந்தவன் முழங்கால் தோல் உரிந்துவிடும். நனைந்திருந்தால், பந்து எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு போகும். விழுந்தவனும் வழுக்கிக்கொண்டு போவான். எழுந்து மறுபடி ஓடுவான். அதற்காகத்தான் தண்ணீர்.

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது கடலை மிட்டாய். 2020-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்து, தீப்பெட்டி. படித்தவர்களுக்கு, பக்கத்து இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் நினைவுக்கு வருவார். ஆனால் ஆக்கி ஆடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அது டெல்லியாக இருந்தாலும் சரி, பஞ்சாப் ஆக இருந்தாலும் சரி, "கோவில்பட்டியா? ஆக்கி ஊர் அல்லவா!" என்பார்கள்.

2021-ம் ஆண்டு டிசம்பரில் அகில இந்திய ஜூனியர் ஆக்கிப் போட்டி இங்கேதான் நடந்தது. பல மாநிலங்களில் இருந்து பையன்கள் மட்டையோடு ரெயிலில் வந்து இறங்கினார்கள். லட்சுமி அம்மாள் பெயரில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கும் வெளி மாநில அணிகள் வருகின்றன. அந்த நாட்களில் மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்கள் கூட, "பெனால்டி கார்னர் கொடுக்கணும்!" என்று நடுவரிடம் சண்டைக்குப் போவார்கள்.

அந்தப் பெரியவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவது இல்லை. உள்ளே ஆடுகிறானே, அந்தப் பையனைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். அவன் எங்கே தங்குகிறான்? என்ன சாப்பிடுகிறான்? எப்போது படிக்கிறான்? நாளைக்கு என்ன வேலைக்குப் போவான்?

ஒரு அறை, பல கட்டில்

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வயது பதினேழு. பெயர் எதற்கு? "தம்பி" என்று வைத்துக்கொள்வோம். இவனைப் போலப் பல பேர் இருக்கிறார்கள்.

தம்பியின் அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். இந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். "ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள். அங்கே தீக்குச்சியைப் பெட்டியில் அடைத்து, எண்ணிக்கைக்குத் தகுந்தபடி கூலி வாங்குகிறாள்.

தம்பி அரசாங்க விளையாட்டு விடுதியில் இருக்கிறான். தமிழக அரசு இப்படிப்பட்ட விடுதிகளைப் பல ஊர்களில் நடத்துகிறது. ஏழாம் வகுப்பில் இருந்தே பையன்களைச் சேர்க்கிறார்கள். ஓடவிட்டுப் பார்த்து, ஆடவிட்டுப் பார்த்து எடுப்பார்கள். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அரசாங்கச் செலவு. கோவில்பட்டியில் உள்ள விடுதி ஆக்கிக்குப் பெயர் போனது.

விடிவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். ஒரு அறையில் பல கட்டில். ஒருவன் குறட்டை விடுவான். ஒருவன் தூக்கத்தில், "பாஸ் போடுலே!" என்று கத்துவான். கட்டிலுக்கு அடியில் ஈரக் காலணி, கால் கவசம். அந்த வாடைக்குப் புது ஆள் மூக்கைப் பொத்துவான். பத்து நாளில் பழகிவிடும்.

விடுதி வாழ்க்கையில் பெரிய சண்டை எதற்காக வரும் தெரியுமா? சாப்பாட்டுக்காக அல்ல. செல்போனுக்கு மின்சாரம் ஏற்றுகிற இடத்துக்காக! சுவரில் இருப்பது ஒன்றோ இரண்டோ. காத்திருக்கும் செல்போன் எத்தனையோ. அடுத்த சண்டை குளியலறை வாளிக்காக. அதற்கு அடுத்தது, இரவு விளக்குக்காக. பரீட்சைக்குப் படிக்கிறவன் "எரியட்டும்" என்பான். காலையில் ஓட வேண்டியவன் "அணை" என்பான். கடைசியில் படிக்கிறவன் வராண்டாவில் போய் உட்காருவான்.

ஊரில் இருந்து யாருக்காவது சீடையோ முறுக்கோ வந்தால், அது கொண்டு வந்தவனுக்குச் சொந்தம் அல்ல. அறைக்கே சொந்தம். டப்பாவைத் திறக்கும்போது எங்கிருந்து இத்தனை கைகள் வந்தன என்று தெரியாது!

காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி. பிறகு குளியல், சாப்பாடு, படிப்பு. மாலையில் மறுபடி மைதானம். வகுப்பில் மதியத்துக்கு மேல் தூக்கம் சொக்கும். சில வாத்தியார்கள் திட்டுவார்கள். சில வாத்தியார்கள், "முகத்தைக் கழுவிட்டு வாப்பா" என்பார்கள். இந்த இரண்டாவது வகை வாத்தியாரை எந்த ஆட்டக்காரனும் மறப்பது இல்லை.

2,500 தீப்பெட்டி விலை

ஆக்கி ஏழைகளின் ஆட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆடுகிறவர்கள் ஏழைகள்தான். ஆட்டம் ஏழை ஆட்டம் அல்ல.

ஒரு காலத்தில் மட்டை மரத்தில் செய்தார்கள். இப்போது பெரிய போட்டிகளில் ஆடுகிற மட்டை வேறு. கார்பன் நாரும் கண்ணாடி நாரும் சேர்த்துச் செய்வது. ஐயாயிரம் ரூபாய்க்கு விற்கிறது. பத்தாயிரத்துக்கும் விற்கிறது.

14 ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி முதல் இரண்டு ரூபாய் ஆனது. தம்பியின் மட்டை ஐயாயிரம் ரூபாய் என்றால், அது 2,500 தீப்பெட்டியின் விலை! தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அம்மாவுக்கு இந்தக் கணக்கு புரியும். அதனால்தான் ஊருக்கு வரும்போது, மட்டையைப் பாயில் சுருட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறாள்.

கோல் காப்பவன் பாடு இன்னும் சிரமம். கால் கவசம், மார்புக் கவசம், கையுறை, தலைக்கவசம் என்று அவனுக்குத் தனிச் செலவு. வேகமாக அடிக்கிற பந்து மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் வரும். பந்தின் எடை சுமார் 160 கிராம். கல் போன்ற பந்து. அதற்கு எதிரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கோல் போட்டவன் படம்தான் பத்திரிகையில் வரும். பத்துப் பந்தைத் தடுத்தவன் படம் வராது. எங்கள் மேலும் இந்தக் குற்றம் உண்டு.

புல்லை மாற்றினார்கள், ஆட்டம் மாறியது

செயற்கைப் புல் எதற்கு, மண்ணில் ஆடினால் ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஒலிம்பிக் ஆக்கியில் இந்தியா 8 தங்கப் பதக்கம் வாங்கியது. 1928-ல் தொடங்கியது அந்தப் பெருமை. 1975-ல் உலகக் கோப்பையும் வந்தது. அடுத்த ஆண்டே, 1976-ல், மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் போட்டார்கள். இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது! நம்முடைய பையன்கள் மண்ணிலும் இயற்கைப் புல்லிலும் ஆடிப் பழகியவர்கள். புதிய தரையில் பந்தின் வேகமே வேறு.

1980-ல் மாஸ்கோவில் தங்கம் கிடைத்தது. அப்போது அணித் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வி.பாஸ்கரன். அதற்குப் பிறகு 40 ஆண்டுக்கு மேல் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 2021-ல் டோக்கியோவில் வெண்கலம் வந்தது. 2024-ல் பாரீசில் மீண்டும் வெண்கலம்.

ஆகவே, செயற்கைப் புல் இல்லாத ஊரில் எத்தனை திறமைசாலி இருந்தாலும், அவன் உள்ளூர்த் திறமைசாலிதான். கரிசல் மண் கோடையில் வெடிக்கும். மழையில் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. அதில் ஆடிப் பழகியவன், நேரே போய் நனைந்த புல்லில் ஆட முடியாது. தரை வந்த பிறகுதான் கோவில்பட்டிப் பையன்களுக்கு வாசல் திறந்தது.

ஜகார்த்தாவில் அடித்த கோல்

2022-ம் ஆண்டு மே 23-ந் தேதி. இந்தோனேஷியாவின் ஜகார்த்தா நகரம். ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஆட்டம் தொடங்கி 9-வது நிமிடம். பந்து பாகிஸ்தான் கோலுக்குள் பாய்ந்தது!

கோல் போட்டவர் கார்த்தி செல்வம். அரியலூர்க்காரர். கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்றவர். இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் அது!

அதே இந்திய அணியில் இன்னொரு தமிழ்ப் பையனும் இருந்தார். பெயர் மாரீஸ்வரன் சக்திவேல். அவர் கோவில்பட்டிக்காரரே. அந்தப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது. ஒரே போட்டியில், ஒரே மைதானத்தில் பழகிய இரண்டு பேர் நாட்டுக்காக ஆடினார்கள். ஊர் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

மறு ஆண்டு, 2023 ஆகஸ்டில், சென்னையில் ஆசிய சாம்பியன் கோப்பைப் போட்டி. மலேசியாவுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் கோலை கார்த்தி போட்டார். இறுதி ஆட்டத்திலும் அதே மலேசியாதான். இந்தியா 1-3 என்று பின்தங்கி, பிறகு 4-3 என்று வென்றது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் தம்பியின் அறையில் இன்னும் பல கட்டில்கள் இருக்கின்றன. இந்திய அணியில் களத்தில் நிற்பவர்கள் 11 பேர். நாடு முழுவதும் இருந்து 11 பேர்! மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

மட்டை சோறு போடுமா?

இதுதான் வீட்டில் கேட்கிற கேள்வி.

படிப்பு முடிந்தால் விடுதியும் முடிந்தது. அப்போது வயது இருபது, இருபத்தொன்று இருக்கும். ஆட்டம் நன்றாகக் கை வந்திருக்கிற நேரம் அது. சம்பாதிக்க வேண்டிய நேரமும் அதுதான். இரண்டும் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. ரெயில்வே, ராணுவம், கடற்படை, வங்கிகள், மத்திய அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் ஆக்கி அணிகள் உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு உத்தியோகம் கொடுப்பார்கள். தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது.

ஆனால், "நான் ஆடினேன்" என்று வாயால் சொன்னால் போதாது. சான்றிதழ் வேண்டும். அதுவும் அங்கீகாரம் உள்ள போட்டியில் வாங்கிய சான்றிதழாக இருக்க வேண்டும். அதனால் ஆக்கிப் பையன்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். சான்றிதழ்களை அதில் போட்டு வைத்திருப்பான். மட்டையைக் கூட இரவல் கொடுப்பான். அந்தப் பையை யாரையும் தொட விடமாட்டான்!

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பதினாலு வயதுப் பையனிடம், "ஆக்கி ஆடினால் வேலை நிச்சயம்" என்று சொல்வது தவறு. வேலை கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். முழங்கால் ஒரு தடவை திரும்பிவிட்டால் போதும், எல்லாக் கணக்கும் தப்பிவிடும். ஆகவே, விடுதிப் பையன் பாடப் புத்தகத்தை மூடி வைக்கக் கூடாது. வராண்டாவில் உட்கார்ந்து படிக்கிறானே, அவன் புத்திசாலி.

அதே சமயம், "ஆட்டம் சோறு போடாது" என்று அடித்துச் சொல்வதும் தவறு. கடைநிலை ஊழியராகவோ, எழுத்தராகவோ, ரெயில்வே ஊழியராகவோ வேலைக்குப் போய், தங்கையைக் கட்டிக் கொடுத்து, வீட்டுக்கு ஓடு மாற்றியவர்கள் உண்டு. அவர்களுக்குக் கோப்பை கிடையாது. மாலை கிடையாது. எனக்கு அவர்களும் ஜகார்த்தாவில் கோல் போட்டவர்கள்தான்.

சென்னையில் ஒரு அறை

வேலைக்கு முயற்சி செய்கிற பையன் பெரும்பாலும் சென்னைக்குப் போவான். அங்கே மறுபடி ஒரு அறை. இந்தத் தடவை அரசாங்கம் சாப்பாடு போடாது. நாலு பேர் சேர்ந்து வாடகை கொடுப்பார்கள். ஒருவன் கடையில் வேலை பார்ப்பான். ஒருவன் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கும் வேலை பார்ப்பான். ஒருவன் கல்லூரியில் இருப்பான். ஒருவன் "அடுத்த மாதம் செலக்ஷன்" என்று காத்திருப்பான்.

சம்பளம் வருகிறவன் முதலில் அரிசி வாங்குவான். வராதவன் சமைப்பான், பாத்திரம் கழுவுவான். யாரும் சொல்லி வருவது அல்ல இந்த ஏற்பாடு. விடுதியில் ஒரே வாளிக்குச் சண்டை போட்டவர்கள் அல்லவா? அங்கேயே படித்துவிட்டார்கள்.

வேலைக்குப் போய்விட்டு ஆடுவது எளிதல்ல. எட்டு மணி நேரம் நின்றவனுக்கு மாலையில் கால் கனக்கும். மட்டையைப் பார்த்தால், "இன்று வேண்டாம்" என்று தோன்றும். ஒரு நாள் போகாவிட்டால், அடுத்த நாளும் போகத் தோன்றாது. ஆட்டம் விட்டுப் போவது காயத்தால் மட்டும் அல்ல. இப்படித்தான் அதிகம் பேருக்கு விட்டுப் போகிறது.

தியான் சந்த் கதை நினைவுக்கு வருகிறது. ஆக்கி மன்னர் என்று உலகம் கொண்டாடிய அவர், ராணுவத்தில் சிப்பாய். பகலில் வேலை. வேலை முடிந்த பிறகு, நிலா வெளிச்சத்தில் பந்தடித்துப் பழகினார். சந்த் என்றால் சந்திரன். தியான் சிங் என்ற அவர் பெயர் அப்படித்தான் தியான் சந்த் ஆனது என்று சொல்வார்கள்.

தன்ராஜ் பிள்ளை கதையும் அப்படித்தான். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. புனே பக்கத்தில் கட்கியில் வளர்ந்தவர். வீட்டில் வசதி இல்லை. உடைந்த மட்டையைக் கட்டி வைத்து ஆடினார். பிறகு நாலு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார்.

கைக்குள் இருக்கும் ஆட்டம்

இரவில் தம்பியின் அறையில் இன்னொரு ஆட்டமும் நடக்கிறது. அது செல்போன் ஆட்டம். நாலு பேர் நாலு கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒரே சண்டை ஆட்டத்தில் சேர்ந்து சுடுவார்கள். "பின்னால வர்றான்டா!" என்று கத்துவார்கள். அதைப் பார்க்கிற பெரியவர்களுக்குக் கோபம் வரும்.

பகல் எல்லாம் ஓடியவன் அரை மணி நேரம் சிரித்து விளையாடினால் குற்றம் இல்லை. அது நடுராத்திரி வரை போனால், காலையில் மைதானத்தில் காட்டிக் கொடுத்துவிடும். தூங்காத காலை வைத்துக்கொண்டு பயிற்சியாளரை ஏமாற்ற முடியாது. பணம் வைத்து ஆடுவது வேறு விஷயம். அதில் குடும்பங்கள் அழிந்தன. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது.

அதே செல்போனில்தான் தம்பி வெளிநாட்டு வீரர்களின் ஆட்டத்தையும் பார்க்கிறான். பெனால்டி கார்னரில் எப்படிக் குனிகிறார்கள், மட்டையை எப்படி இழுத்து விடுகிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். மறுநாள் மைதானத்தில் அதைச் செய்து பார்க்கிறான். பத்துத் தடவையில் ஒரு தடவை சரியாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை போன்

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள். மொட்டை மாடிக் கொடியில் பல நிறச் சட்டைகள் தொங்கும். கரிசல் காட்டு வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அன்றைக்கு அம்மாவுக்கும் ஆபீஸ் கிடையாது. போன் வரும்.

"ஏய்யா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. இன்னைக்குக் கோழிக்கறி."

"முழங்கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா."

"எதிர்த்த வீட்டு அண்ணன் திருப்பூருக்குப் போயிட்டான். பனியன் கம்பெனில சேர்ந்துட்டானாம். மாசம் பிறந்தா பணம் அனுப்புறான்."

தம்பி பேச மாட்டான். அம்மாவும் கொஞ்ச நேரம் பேச மாட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலைய்யா. சும்மாதான் சொன்னேன். உனக்கு எப்போ அந்தச் செலக்ஷன்?"

"அடுத்த மாசம்மா."

"அப்பா உளுந்து போட்டிருக்காரு. மழை பெய்ஞ்சா, உனக்குப் புதுக் காலணி வாங்கித் தாரேன்னு சொல்லச் சொன்னாரு."

போனை வைத்துவிட்டு, தம்பி மட்டையை எடுப்பான். பிடியில் சுற்றிய நாடா நைந்து போயிருக்கும். பழையதை உரித்துவிட்டு, புதியதைச் சுற்றுவான். பக்கத்துக் கட்டில்காரன், "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைலே" என்று கை நீட்டுவான். மறுநாள் விடியற்காலையில் மைதானத்தில் தண்ணீர் தெளிக்கத் தொடங்கும்போது, இரண்டு பேரும் அங்கே நிற்க வேண்டும்.